அக்கூஸ்டிக் கிட்டாருக்குச் சின்ன ஆம்ப்: எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்

ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். கடைக்காரரும் அதற்கே பதில் சொல்வார். 20, 40, 60 என்று பெட்டிகள் இறங்கும். உண்மையில் வாட் கடைசியில் பார்க்க வேண்டிய எண். உங்கள் கிட்டாரிலிருந்து என்ன சிக்னல் வெளியே வருகிறது, அதை ஆம்ப் எப்படி வாங்கிக்கொள்கிறது, எந்த இடத்தில் யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வாட் தானாக முடிவாகிவிடும்.

வீட்டில் தனியாக மட்டும் வாசிப்பவருக்குச் சத்தத்துக்காக ஆம்ப் தேவையே இல்லை. ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட கிட்டாரை ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். வீட்டு ஆம்ப்பின் பயன் வேறு. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவி) வழியாக வரும் சத்தமும் மடியில் வைத்து வாசிக்கும்போது காதில் விழும் சத்தமும் ஒன்றல்ல. பிக் கம்பியில் படும் 'டிக்', கார்டு மாற்றும்போது விரல் உரசும் சத்தம், பாதி அழுத்திய கம்பியின் அதிர்வு எல்லாம் ஆம்ப்பில் பெரிதாகத் தெரியும். மேடையில் முதன்முறையாக அதைக் கேட்டுத் திகைப்பதைவிட வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. பாடிக்கொண்டே வாசிப்பவருக்கும், பின்னணி இசை ட்ராக் ஓடவிட்டு வாசிப்பவருக்கும் கூடுதல் வசதி.

முதலில் கிட்டாரைப் பாருங்கள்

பலர் முதல் கிட்டாராக வாங்கும் யமஹா எஃப்310-ல் பிக்கப் கிடையாது. அதே வரிசையின் எஃப்எக்ஸ்310ஏ-வில் பிக்கப்பும் அதன் மெல்லிய சிக்னலை வலுப்படுத்தும் பிரீஆம்பும் சேர்ந்தே வரும். தோள்பட்டையோரம் வால்யூம், பாஸ், ட்ரெபிள் திருகிகளோடு ஒரு சின்னப் பெட்டி பதித்திருந்தால், பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரி போடும் இடமும் இருந்தால், அது ஆக்டிவ் பிக்கப். பேட்டரி எங்கும் இல்லாமல் கேபிள் செருகும் துளை மட்டும் இருந்தால் அது பேசிவ். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். எந்த ஆம்ப் ஒத்துவரும் என்பதில் பாதி இதிலேயே முடிவாகிறது.

ஆக்டிவ் கிட்டாரில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கேபிளைச் செருகும்போதுதான் பேட்டரி இணைப்பு மூடுகிறது. அந்த ஜாக் உள்ளே ஸ்டீரியோ வகை; மோனோ பிளக்கின் உலோகத் தண்டு இரண்டு தொடுபுள்ளிகளையும் சேர்த்துவிடுவதால் பிரீஆம்ப் உயிர்பெறும். அதனால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து பிடுங்காவிட்டால் இரவெல்லாம் பேட்டரி கரையும். தவறுதலாக ஸ்டீரியோ பிளக் வைத்த கேபிளைச் செருகினால் பல கிட்டார்களில் பிரீஆம்ப் ஆன் ஆகவே ஆகாது. "ஆம்ப் கெட்டுவிட்டது" என்று திருப்பிக் கொண்டுவரப்படும் ஆம்ப்களில் சிலவற்றுக்கு இந்தக் கேபிள்தான் காரணம். சத்தம் கரகரவென்று உடைந்து வந்தால் முதலில் புது 9 வோல்ட் பேட்டரியைப் போட்டுப் பாருங்கள்.

பிக்கப்பே இல்லாத கிட்டார் என்றால் ஆம்ப்புக்கு முன் பிக்கப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும். மேலே ஒட்டும் மலிவு பீசோ (அதிர்ந்தால் மின் சிக்னல் தரும்) வில்லை வீட்டுக்குப் போதும். கை பட்டாலும் சட்டைப் பட்டன் உரசினாலும் 'டப் டப்' என்று கேட்கும். சவுண்ட் ஹோலில் கவ்விப் பிடிக்கும் மேக்னடிக் பிக்கப்புக்குத் துளையிட வேண்டாம், ஃபீட்பேக்கும் (ஆம்ப் ஊளையிடுவதும்) குறைவு. ஆனால் ஸ்டீல் கம்பிக்கு மட்டுமே அது வேலை செய்யும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் ஊமை. கம்பிகள் மேலே படியும் சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ பட்டையையும், கே அண்ட் கே ப்யூர் மினி போல பிரிட்ஜுக்கு நேர் கீழே, பலகையின் உட்புறம் ஒட்டும் மூன்று வில்லைகளையும் கிட்டார் சரிசெய்யும் கைதேர்ந்தவரிடம் பொருத்தச் சொல்வதே சரி. சேடில் ஒரு பக்கம் சரியாகப் படியாவிட்டால் ஒரு கம்பி மட்டும் மெலிதாக ஒலிக்கும். அந்தக் குறையை எந்த ஆம்ப்பும் சரிசெய்யாது.

எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் ஏன் ஒத்துவராது

எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு அதுவே அழகு, ஏனென்றால் டிஸ்டார்ஷனின் எரிச்சலூட்டும் மேல் ஒலியை அது வடிகட்டிவிடுகிறது. அக்கூஸ்டிக் கிட்டாரின் பளபளப்போ அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மந்தமாக வரும். போதாததற்கு, அந்த ஆம்ப்கள் நடு ஒலியைக் குறைத்து, வால்யூம் ஏறினால் உடையும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டவை.

அக்கூஸ்டிக் ஆம்ப்பில் வூஃபரோடு (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) ட்வீட்டரும் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கும். போனதை அப்படியே திருப்பித் தருவதே அதன் வேலை. பெட்டியின் முன்வலை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், சுமார் ஓர் அங்குல ட்வீட்டர் தெரியும். விதிவிலக்கும் உண்டு: ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60-ல் தனி ட்வீட்டர் இல்லை, 8 அங்குல ஸ்பீக்கரின் நடுவில் உள்ள இரண்டாவது சின்னக் கோன் அந்த வேலையைச் செய்கிறது.

சில எலக்ட்ரிக் ஆம்ப்களில் 'அக்கூஸ்டிக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பெரும்பாலும் அது எலக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் போல ஒலிக்க வைப்பதற்கு. உங்கள் கிட்டாருக்கு நேர் எதிரானது. அதை நம்பி வாங்க வேண்டாம். கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை, அதில் ட்வீட்டர் உண்டு. புளூடூத் வழியாக ஸ்பீக்கரில் கிட்டாரை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்பியைத் தட்டிய பிறகு சத்தம் வரக் காதுக்குத் தெரியும் அளவு தாமதமாகும், வாசிக்கவே முடியாது. ட்ராக் ஓடவிட புளூடூத் நல்லது, கிட்டாருக்குக் கேபிள்தான்.

மெகா ஓம் கணக்கு

மண்டப மைக்செட்டில் கிட்டாரை நேராகச் செருகியதும் டின் டப்பாவைத் தட்டுவது போலச் சத்தம் வருவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். பழி பெரும்பாலும் மைக்செட்காரர் மேல் விழும். உண்மைக் காரணம் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது செருகும் துளை சிக்னலுக்குக் காட்டும் மின்தடை.

பீசோ பிக்கப் மின்னியல் கணக்கில் ஒரு சின்னக் கெபாசிட்டர். அதை எந்த இன்புட்டில் செருகுகிறீர்களோ அந்த இன்புட்டின் மின்தடையோடு சேர்ந்து அது ஒரு வடிகட்டியாகிவிடும். ஓர் எல்லைக்குக் கீழே உள்ள ஒலி தேய்ந்துபோகும். பிக்கப் 1 நானோஃபேரட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் அந்த எல்லை சுமார் 16,000 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், முதல் கம்பியே 330 ஹெர்ட்ஸ்தான். அதாவது முழுக் கிட்டாரும் தேயும் பக்கத்தில் கிடக்கிறது. அடி ஒலிதான் அதிகம் தேயும். ஓரிரு கிலோ ஓம் மட்டுமே உள்ள மைக் இன்புட்டில் இன்னும் மோசம். 1 மெகா ஓம் இன்புட்டில் எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்: வாசிக்கலாம், பாஸ் கொஞ்சம் மெலிவு. 10 மெகா ஓமில் 16 ஹெர்ட்ஸ், குறையே இல்லை.

ஆகவே பேசிவ் பீசோ உள்ளவர்கள் ஆம்ப்பின் விவரப் பக்கத்தில் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டின் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் வேண்டாம். வாங்கியாகிவிட்டது என்றால் நடுவில் ஒரு பிரீஆம்ப் வைத்துச் சரிசெய்யலாம்; எல்ஆர் பேக்ஸ் பாரா டிஐ போன்றவற்றின் இன்புட் 10 மெகா ஓம். ஆக்டிவ் கிட்டார் உள்ளவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடலாம். உள்ளே இருக்கும் பிரீஆம்பே இந்த வேலையை முடித்துத்தான் வெளியே அனுப்புகிறது.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். பேசிவ் பீசோவில் 5 மீட்டர் கேபிள் மொத்தச் சத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டிவிடும். பேசிவ் மேக்னடிக் பிக்கப்பில் ட்ரெபிளை மழுங்கடிக்கும். வீட்டுக்கு 3 மீட்டர் போதும். ஸ்பீக்கர் கேபிள் பார்க்க அதே பிளக்கோடு இருந்தாலும் உள்ளே ஷீல்டு இல்லை, கிட்டாருக்குப் போட்டால் உர்ரென்று இரையும்.

இப்போது வாட்

வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 30-லிருந்து 60 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதனால் 40-க்கும் 50-க்கும் இடையே விலை பேசி மாய்வதில் பொருளில்லை.

ஸ்பீக்கரின் செயல்திறனும் (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதும்) கணக்கில் வரும். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 88 டெசிபல் தரும், இன்னொன்று 98 தரும். முதலாவதற்கு 60 வாட் கொடுத்தால் சுமார் 106, இரண்டாவதற்கு 15 வாட் கொடுத்தாலே சுமார் 110. 15 வாட் எலக்ட்ரிக் ஆம்ப் ஒன்று உங்கள் 60 வாட் அக்கூஸ்டிக் ஆம்ப்பை அமுக்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சின்னப் பெட்டியிலிருந்து முழு பாஸ் வாங்க வேண்டுமானால் செயல்திறனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். மற்றொரு காரணம், அக்கூஸ்டிக் சத்தம் உடையாமல் சுத்தமாக இருக்க வேண்டும். ஓங்கி அடிக்கும் ஒரு ஸ்ட்ரம்மின் உச்சி, சராசரிச் சத்தத்தைப் போலப் பல மடங்கு சக்தி கேட்கும். அந்த உச்சிக்கு இடம் விடத்தான் கூடுதல் வாட்.

நடைமுறையில்: படுக்கையறைப் பயிற்சிக்கு 5 முதல் 15 வாட். வீட்டுக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்து கேட்க 20 முதல் 30 வாட். நாற்பது ஐம்பது பேர் பேசிக்கொண்டே காபி குடிக்கும் கஃபேயில் குரலும் கிட்டாரும் கேட்க 60 வாட். டிரம்ஸ் கிட்டோ தவிலோ பக்கத்தில் இருந்தால் 100 வாட் வாங்கினாலும் போட்டி போட முடியாது. அங்கே உங்கள் சின்ன ஆம்ப் உங்களுக்கே கேட்கும் மானிட்டர் மட்டும். சபைக்குச் சத்தம் மண்டப ஸ்பீக்கர் வழியாகத்தான் போக வேண்டும். பெரிய ஆம்ப் வாங்கித் தோளில் சுமப்பதைவிட, நல்ல டிஐ அவுட் (மைக்செட்டுக்கு நேராக சிக்னல் அனுப்பும் துளை) உள்ள 40 வாட் ஆம்ப் அங்கே அதிகம் உதவும்.

ஊளை எங்கிருந்து வருகிறது

ஃபீட்பேக் வரும்போது எல்லோரும் வால்யூமைக் குறைக்கிறார்கள். குறைக்கலாம்தான், ஆனால் எந்தச் சுரத்தில் ஊளையிடுகிறது என்று கவனித்தால் இன்னும் நல்ல வழி கிடைக்கும். கிட்டாரின் உடல் ஒரு காற்றறை. ட்ரெட்நாட்டில் அந்தக் காற்று இயல்பாகவே அதிர விரும்பும் இடம் சுமார் 100 ஹெர்ட்ஸ், அதாவது ஆறாவது கம்பியில் 3-லிருந்து 5-வது ஃப்ரெட் வரையுள்ள சுரங்கள். மேல்பலகைக்குச் சுமார் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு இடம். ஆம்ப்பிலிருந்து வரும் அதே சுரம் பலகையைத் தட்ட, பலகை பிக்கப்பைத் தட்ட, அது மறுபடி ஆம்ப்புக்குப் போக, 'ஊஊம்' என்ற வட்டம் உருவாகிவிடும்.

நிற்கும் இடத்தை மாற்றுவது முதல் மருந்து, செலவும் இல்லை. சவுண்ட் ஹோலும் ஸ்பீக்கரும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. ஆம்ப்பை அறை மூலையில் வைத்தால் பாஸ் வீங்கும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். தரையில் வைப்பதற்குப் பதில் சாய்த்து வைத்தாலோ உயரத்தில் வைத்தாலோ உங்கள் காதுக்கு நேராகக் கேட்கும், வால்யூமும் குறைவாகப் போதும். உயரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். சில சுரங்களுக்கு நாற்காலியே கடகடக்கும், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று பயந்துபோவீர்கள்.

அடுத்து, சவுண்ட் ஹோலை மூடும் ரப்பர் மூடி. விலை குறைவு, பலன் அதிகம். பல மேடைகளில் இது ஒன்றே போதும். அதற்குப் பின் ஆம்ப்பில் உள்ள ஃபேஸ் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ஸ்பீக்கர் தள்ளும் நேரத்தில் பலகை இழுக்கும்படி அது மாற்றிவிடுவதால், அந்த இடத்தில் வட்டம் அறுந்துவிடலாம். நகர்ந்து நின்றால் நிலைமை மாறும். நாட்ச் திருகி (ஒரு குறிப்பிட்ட சுரத்தை மட்டும் குறைப்பது) இருந்தால், ஊளை மெல்லத் தொடங்கும் வரை வால்யூமை ஏற்றுங்கள், நாட்சை மெதுவாகத் திருப்புங்கள், ஊளை நிற்கும் இடத்தில் விடுங்கள், பிறகு வால்யூமைக் கொஞ்சம் இறக்குங்கள். பாஸ் திருகியைக் கண்மூடித்தனமாகக் குறைத்தால் ஊளையோடு கிட்டாரின் உடலும் போய்விடும். ஆகவே அது கடைசி.

பின்பக்கத் துளைகள்

பாடுகிறவருக்கு இரண்டு சேனல் கட்டாயம்: ஒன்று கிட்டாருக்கு, மற்றது மைக்குக்கு, தனித்தனி வால்யூமும் ரிவெர்பும் (எதிரொலிப்பும்). கிட்டாருக்கு வைக்கும் அளவு ரிவெர்பைக் குரலுக்கும் வைத்தால் சொல் புரியாது. எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்குப் பேண்டம் பவர் (மைக் ஒயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தேவையில்லை. கண்டென்சர் மைக் வைத்திருப்பவர் மட்டும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல சின்ன ஆம்ப்களில் இருக்காது.

டிஐ அவுட் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் துளையாக இருப்பது நல்லது. மைக்செட்காரர் வழக்கமான மைக் ஒயரையே அதில் மாட்டிக்கொள்வார், நீளமாக இழுத்தாலும் இரையாது. மாஸ்டர் வால்யூமைத் திருப்பினால் டிஐ சத்தமும் மாறுகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். மாறினால், நீங்கள் மேடையில் உங்களுக்காகக் கூட்டும்போதெல்லாம் சபைக்கும் கூடும். வீட்டில் இரவு வாசிப்பவருக்கு ஹெட்போன் துளை முக்கியம். மேடைக்கென்று செய்த பல ஆம்ப்களில் அது இல்லை, இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாங்க வேண்டாம்.

கரண்ட்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஆம்ப் வாங்கி வரச் சொல்பவர்கள் முதலில் பின்பக்க ஸ்டிக்கரின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். '100–240 வோல்ட்' என்றிருந்தால் பிளக் மாற்றினால் போதும். '120 வோல்ட்' மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் உள்ளே புகைந்துவிடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், சில கிலோ கூடுதல் சுமை. உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் 100 வாட்-மணிக்கு மேல் விமான நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும்.

எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது நம்மூர் வழக்கம். கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு படும்போது சுரீரென்று அடிப்பது இதனால்தான், உயிருக்கே ஆபத்து. டிஐ வழியாக மைக்செட்டோடு இணைத்ததும் இரைந்தால் ஆம்ப்பில் உள்ள, டிஐ இணைப்பின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் போடுங்கள், எர்த்தில் கை வைக்காதீர்கள்.

பேட்டரியில் ஓடும் ஆம்ப்கள் தெருமுனைக்கும் கடற்கரைக்கும் வசதி. எத்தனை மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பது மிதமான வால்யூமுக்கான கணக்கு. முழு வால்யூமில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

சில பெயர்கள்

ரோலண்ட் ஏசி-33: இரண்டு 5 அங்குல ஸ்பீக்கர், ஸ்டீரியோ, 30 வாட், எட்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும், உள்ளேயே லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுவது). வீட்டுக்கும் சின்னக் கூடத்துக்கும் மிகப் பொருத்தம். ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மைக்ரோ 40 வாட், சுமார் 4 கிலோ. மினி 60 வாட், சுமார் 9 கிலோ. பேருந்தில் போகிறவருக்கு இந்த 5 கிலோ பெரிய வேறுபாடு. பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு பாஸ் (Boss) நிறுவனத்தின் அக்கூஸ்டிக் சிங்கர் லைவ் 60 வாட்டில் உண்டு. ஏஇஆர் காம்பாக்ட் 60 சுமார் 6.5 கிலோவில் அசாத்தியத் தெளிவு, விலையும் அப்படியே; முதல் ஆம்ப்பாக வாங்கத் தேவையில்லை. குரல், கிட்டார், ட்ராக் மூன்றும் ஒரே பெட்டியில் வேண்டும், ஆம்ப் என்ற பெயர் முக்கியமில்லை என்றால் சுமார் 7 கிலோ எடையுள்ள போஸ் எஸ்1 ப்ரோ போன்ற பேட்டரி ஸ்பீக்கரும் வேலைக்கு ஆகும்.

கடையில் பத்து நிமிடம்

உங்கள் சொந்தக் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துப் போங்கள். கடைக் கிட்டாரில் அருமையாகக் கேட்டது உங்கள் பிக்கப்பில் அப்படிக் கேட்காது. ஆம்ப்பின் திருகிகள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள், ரிவெர்பும் கோரஸும் பூஜ்யத்தில். அவை போட்டிருந்தால் எந்த ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். கிட்டாரின் வால்யூமை முக்கால் வரை ஏற்றி, சேனல் கெய்னை (இன்புட் அளவு) உச்சி விளக்கு (சிக்னல் எல்லை மீறுவதைக் காட்டும் சின்ன விளக்கு) எப்போதாவது மினுக்கும் வரை கூட்டி, பிறகு மாஸ்டரால் சத்தத்தை முடிவு செய்யுங்கள்.

ஆறாவது கம்பியை ஓங்கி அடித்துப் பெட்டி அதிர்கிறதா, சத்தம் உடைகிறதா என்று கேளுங்கள். பிறகு முதல் கம்பியில் விரலால் மெல்ல வாசியுங்கள். வாத்து கத்துவது போன்ற 'க்வாக்' வந்தால் அது பீசோவின் இயல்பு; நடு ஒலியை, குறிப்பாக 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை, கொஞ்சம் குறைத்தால் தணிய வேண்டும். எவ்வளவு குறைத்தும் தணியாவிட்டால் அந்த ஆம்ப் உங்கள் கிட்டாருக்கு இல்லை. வேறொருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். காலடியில் இருக்கும் பெட்டியை வாசிப்பவர் எப்போதும் அரைகுறையாகத்தான் கேட்கிறார். கடைசியாகக் கையால் கம்பிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மாஸ்டரை முக்கால் வரை ஏற்றினால் வெறும் 'ஸ்ஸ்' மட்டும் லேசாக வர வேண்டும், உறுமல் வரக் கூடாது.

பழைய ஆம்ப் வாங்குகிறவர் இன்னும் மூன்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகியையும் முழுக்கத் திருப்புங்கள்: கரகரத்தால் தூசி, கான்டாக்ட் கிளீனர் தீர்த்துவிடும். செருகிய பிளக்கை மெல்ல ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக்கின் சால்டர் விட்டிருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ட்வீட்டரருகே காதை வைத்து, போனிலிருந்து ஒரு பாட்டைக் குறைந்த சத்தத்தில் ஆக்ஸ் வழியாக ஓடவிடுங்கள். ஜால்ரா சத்தம் அங்கிருந்து வராவிட்டால் ட்வீட்டர் எரிந்துவிட்டது. அந்த மாடலுக்கு மாற்று ட்வீட்டர் கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.